தெர்மோஸ்டாட்டை நான் தொடவில்லை

செந்தில் கண்ணு,

நீயும் ரம்யாவும் பாப்பாவைக் கார் சீட்டில் உட்கார வைத்து மளிகை வாங்கக் கிளம்பிவிட்டீர்கள். வீடு கதகதப்பாக இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாளைக்கு ரம்யா பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போகிறாள். நாளையிலிருந்து பகலெல்லாம் உன் மகள் என்னோடு இருக்கப்போகிறாள். நம் ஊர் கோபியிலிருந்து கிளம்பி விமானம் ஏறி நான் இங்கே வந்ததே இதற்காகத்தான். நடுவில் இது கைவிட்டுப் போய், மறுபடியும் கிடைத்திருக்கிறது. கிடைத்த பிறகு பயம் வந்துவிட்டது. நேரில் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்று தோளைத் தட்டிவிட்டு நீ லேப்டாப்பைத் திறந்துவிடுவாய். எழுதிக் கொடுத்தால் கடைசிவரை படிப்பாய். வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த எடிசன் ஊரில் பூங்காவுக்கு நடக்க வருகிற என் வயதுக்காரர்கள் எல்லாரும் மகன் வீட்டில்தான் இருக்கிறார்கள். எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது.

உன் அம்மா போன பிறகு நான் தனியாக இருக்கக் கூடாது என்று நீ பிடிவாதம் பிடித்தாய். குளிர் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டேன். நீங்கள் இந்தப் பழைய வீட்டை வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த அன்றே என்னை வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போய்ப் பாய்லரைக் காட்டினாய். பீரோ அளவு இரும்புப் பெட்டி. அதில் சூடாகிற தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போய், சுவரோரத் தகடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும் என்றாய். பிறகு மேலே நடைவழிச் சுவரில் இருந்த வட்டக் கண்ணாடியைக் காட்டினாய். "இதுதான் தெர்மோஸ்டாட். இது சொன்னாத்தான் பாய்லர் எரியும். நீங்க தொட வேண்டிய வேலையே இல்லப்பா. எல்லாம் என் ஃபோன்லயே பண்ணிக்கலாம்." அந்தக் கண்ணாடி நான் பக்கத்தில் நடந்தாலே விழித்துக்கொண்டு வெளிச்சம் காட்டும். அது எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அதை நான் தொட்டதும் இல்லை.

பாப்பா பிறந்தாள். நீ காலையில் நியூயார்க்குக்கு ரயில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாய். ரம்யா இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் கொஞ்சம் கண்ணயர்வாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்ததால், துணி துவைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பேஸ்மென்டில், பாய்லருக்கு எதிர்ப்பக்கம் வாஷிங் மெஷின். பாப்பாவின் சின்னச் சின்னச் சட்டைகள், எச்சில் துணிகள், உங்கள் துணிகள் எல்லாவற்றையும் வார நாள்களிலேயே துவைத்து முடித்துவிடுவேன். நீ வீட்டில் இருக்கிற சனி ஞாயிறுகளில் துணிக்கூடை காலியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். சூடாக வெளியே வருகிற அந்தச் சின்னச் சட்டைகளை மடித்து வைக்கும்போது, நானும் இந்த வீட்டுக்கு வேண்டியவன்தான் என்று தோன்றும்.

முதல் தடவை அது நடந்தபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. ரம்யா பாப்பாவைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு கீழே வந்தாள். "மாமா, ரொம்பக் குளிருதே. ஹீட் ஓடலையா?" என்றாள். சுவரோரத் தகட்டில் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் அறுபதில் நின்றது. அவள் உனக்கு ஃபோன் பண்ணினாள். நீ ஆபீஸில் இருந்தபடியே ஏற்றி வைத்தாய். கீழே பாய்லர் உறுமுகிற சத்தம் கேட்டதும் நிம்மதியாக இருந்தது. சாயந்திரம் நீ ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்: "அப்பா, தெர்மோஸ்டாட்ல கை வெச்சீங்களா?"

"இல்லயே சாமி. நான் தொடவே இல்ல."

"பரவால்லப்பா. தெரியாம கை பட்டிருக்கும்."

நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாரமே மறுபடியும் நடந்தது. அடுத்த வாரமும் நடந்தது. நீ ஒன்றும் செய்யாமல் இருந்தாய் என்று நான் சொல்ல மாட்டேன். வைஃபை சரியாகக் கிடைக்கவில்லையோ என்று அந்தப் பெட்டியை நடைவழிப் பக்கம் கொண்டுவந்து வைத்தாய். தெர்மோஸ்டாட்டை அழித்து, முதலிலிருந்து மறுபடியும் இணைத்தாய். ஹீட்டிங் கம்பெனிக்குச் சொல்லி ஆளை வரவழைத்தாய். அவர் வந்த நாளில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பாய்லரின் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். மேலே போய்த் தெர்மோஸ்டாட்டைக் கூட்டினார், குறைத்தார். சொன்னபடியெல்லாம் பாய்லர் எரிந்தது, அணைந்தது. பாய்லரும் நன்றாக இருக்கிறது, தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அது இரண்டும் நன்றாக இருந்தால் மிச்சம் இருப்பது யார்? நீ அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினாய். "இங்க பாருங்கப்பா. ஃபோன்ல இருந்து மாத்தினா ஃபோன்னு காட்டும். இது தெர்மோஸ்டாட்லயே மாத்துனதுன்னு காட்டுது. அதுவும் வீக்டேஸ்ல மட்டும்தான் ஆகுது. சனி ஞாயிறு ஒரு தடவை கூட ஆகல."

சனி ஞாயிறு நீ வீட்டில் இருப்பாய். வார நாளில் விழித்திருப்பது நான் ஒருவன்தான். நான் தொடவில்லை என்று மறுபடியும் சொன்னேன்.

உன்னைக் குற்றம் சொல்ல முடியாதபடி இன்னொன்றும் நடந்திருந்தது. அந்த நாள்களில்தான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். துணியை மடித்தேன், அலமாரியில் வைத்தேன், ஜன்னல் வழியாக ஒரு அணிலை வேடிக்கை பார்த்தேன். பால் என் நினைவிலேயே இல்லை. புகைக்கு அடிக்கிற அந்த அலாரம் வீடே அதிரக் கத்தியது. ரம்யா பாப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பாத்திரம் கருகிப்போயிருந்தது. அதைச் செய்தது நான்தான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. சாயந்திரம் நீ வந்து, புகை நாற்றம் போக ஜன்னல்களைத் திறந்துவிட்டாய். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

உனக்குப் பெரியப்பாவை நினைவிருக்கும். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்ததால் கடைசி வருடங்களைப் பார்க்கவில்லை. அவருக்கு அந்த மறதி வீட்டுச் சாவியில்தான் தொடங்கியது. சாவி காணாமல் போகும். "நான் எடுக்கவே இல்லடா, என்னைய எதுக்குக் கேக்கறீங்க?" என்று கத்துவார். அவர் வேட்டி மடிப்பிலிருந்தே சாவி கீழே விழும். அப்போதும், யாரோ வைத்துவிட்டார்கள் என்று சொல்லுவார். பொய் சொல்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் பொய் சொல்லவில்லை. எடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் ஒரு நாள் சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "நம்மூட்டுக்கு எப்பப் போறது?" என்று என்னைக் கேட்டார். ஆகவே, உன் முன்னால் நின்று, "நான் தொடவே இல்ல சாமி" என்று மூன்றாவது முறையோ நான்காவது முறையோ சொன்னபோது, என் காதில் விழுந்தது என் குரல் இல்லை, என் அண்ணன் குரல். நான் தொட்டிருந்தால் அது எனக்கே தெரியாது, இல்லையா? தெரியாது என்பதுதானே அந்த வியாதி?

அதற்குப் பிறகு நான் இருந்த இருப்பை உனக்குச் சொல்லவில்லை. நடைவழியில் போகும்போது இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு போவேன். முடிந்தால் அந்தப் பக்கமே போகாமல் சமையலறை வழியாகச் சுற்றிப் போவேன். குளித்தேனா, மாத்திரை போட்டேனா என்று ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பேன். பாப்பாவைத் தூக்குவதற்கு முன் ரம்யாவிடம், "அம்மணி, பால் குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, இதை முன்பே கேட்டுவிட்டேனோ என்று அவள் முகத்தைப் பார்ப்பேன். பகலில் வீடு குளிர்வது போலத் தோன்றினால் ஓடிப்போய்த் தகட்டில் கை வைத்துப் பார்ப்பேன். பாப்பாவுக்குக் குளிருமே என்ற கவலை முதலில் வர வேண்டும். எனக்கு முதலில் வந்தது, இன்றைக்கு என்ன செய்து தொலைத்தேன் என்ற கவலை. அதை நினைத்து வேறு வெட்கப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் இதே மேசையில் உட்கார்ந்து பேசினீர்கள். நான் சோஃபாவில் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தமிழில் பேசினீர்கள். டேகேர் என்ற வார்த்தை வந்தது. உடனே இங்கிலீஷுக்கு மாறினாய். கோபியில் வேளாண்மை ஆபீஸில் ஆயுசுக்கும் இங்கிலீஷ் கோப்பு பார்த்தவன் நான். நீங்கள் பேசுகிற வேகம் எனக்குப் பிடிபடாதுதான். ஆனால் "நாட் சேஃப்" என்பது பிடிபட்டது. "வித் ஹிம்" என்பதும் பிடிபட்டது. ரம்யா ஏதோ மறுத்துச் சொன்னாள். நீ தலையை ஆட்டினாய். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன், நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கட்டும் என்று.

மறுநாள் நீ சொன்னாய்: "பாப்பாவ டேகேர்ல விடலாம்னு பாக்கறம்பா. உங்களுக்கும் ரெஸ்ட் வேணுமில்ல." எனக்கு ரெஸ்ட் எதற்கு சாமி? ஆனால் நான், "உங்க சௌகரியம்" என்று சொன்னேன். அப்புறம் தெர்மோஸ்டாட்டுக்குப் பூட்டுப் போட்டாய். எண்ணை அழுத்தினால்தான் திறக்கிற பூட்டு. "பாப்பா வளந்தா தொட்டுருவா, இப்பவே போட்டு வெச்சிரலாம்" என்றாய். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எண்ணை அழுத்தும்போது நீ இடது கையால் அதை மறைத்துக்கொண்டாய். பாங்கில் ஏ.டி.எம். முன்னால் மறைப்போமே, அந்த மாதிரி. யோசித்துச் செய்திருக்க மாட்டாய். ஆனால் செய்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், மற்ற எதுவும் என்னை அந்த அளவுக்குக் குத்தவில்லை.

நீ ஆபீஸ் வேலையாக ஹூஸ்டன் போன வாரம்தான் இங்கே கடும் குளிர் வந்தது. வாசல் படியில் ஊற்றிய தண்ணீர் கண்ணாடியாக நின்றது. பாப்பாவுக்கு மூக்கடைப்பு. இரவெல்லாம் தூங்காமல் அழுது, அன்றைக்குப் பகலில் சோஃபாவில் என் மடியில் கண்ணயர்ந்திருந்தாள். ரம்யா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் அசையக்கூட இல்லை. வீடு குளிர்வது முதலில் எனக்குப் பாப்பாவின் காலில்தான் தெரிந்தது. சாக்ஸுக்கு மேல் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. "அம்மணி..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் மேசையிலிருந்த ரம்யாவின் ஃபோன் அடித்தது. நீதான்; ஹூஸ்டனில் உன் ஃபோனுக்கு முன்பே வந்திருந்த செய்தியை அப்போதுதான் பார்த்திருக்கிறாய். அவள் கையில் சாப்பாடு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா பக்கத்துல இருக்காரா?" என்றாய்.

"இருக்கேன் சாமி."

"அப்பா, அந்த லாக் நம்பர உங்களுக்கு யார் சொன்னா?"

பூட்டைப் போட்ட பிறகும் அது நடந்தால் பூட்டைத் தாண்டி வேறு எங்கோ கோளாறு என்றுதானே தோன்ற வேண்டும்? உனக்கு நான் திருடிவிட்டேன் என்று தோன்றியது. அதைவிடக் கொடுமை, எனக்கும் ஒரு நொடி தோன்றியது, நீ அழுத்தும்போது கவனித்திருப்பேனோ, எண் எனக்குத் தெரியுமோ என்று. மனசுக்குள் எண்ணைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. வராததால் நான் நிரபராதி என்றும் என்னால் நம்ப முடியவில்லை.

ரம்யா தட்டைத் தள்ளி வைத்தாள். "செந்தில், யாரும் சொல்லல. மாமா பேபிய மடியில வெச்சுட்டு ஒன் அவரா என் கண்ணு முன்னாடிதான் உக்காந்திருக்கார். எந்திரிக்கவே இல்ல. வாட் ஆர் யூ டாக்கிங் அபவுட்?" நீ ஏதோ சொல்ல வந்தாய். "நான் பாத்துக்கறேன், நீ வை" என்று கட் பண்ணினாள். சென்னைப் பெண், நம் பக்கத்து மருமகள்கள் மாதிரி இல்லை என்று கல்யாணத்தின்போது நம் சொந்தக்காரர்கள் பேசியது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் பேசிய பேச்சுக்கு நான் அவள் பக்கம்.

கை கழுவிவிட்டு அவளே போய் எண்ணை அழுத்தி அறுபத்தெட்டில் வைத்தாள். பாய்லர் எரிகிற சத்தம் வந்தது. ஆனாலும் அவள் அங்கேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், இந்தச் சனியன் என்ன பண்ணுகிறது என்று பார்த்துவிடலாம் என்பதுபோல. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "மாமா!" என்று ஒரு கத்தல். பாப்பா விழித்துக்கொண்டாள். "ஸ்கிரீன் அணைஞ்சுருச்சு மாமா. யாருமே தொடல. ஐயோ, திரும்ப வருது... அறுபது! தானா அறுபதுக்குப் போயிருச்சு, பாருங்க!"

நான் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டு பேரும் அந்தக் கண்ணாடியை முறைத்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்வது தெரிந்தது. ரம்யாவும் கீழே பார்த்தாள். "வாஷிங் மெஷின் ஓடுதா மாமா?" "ஆமா அம்மணி, பாப்பா துணி. நடுவுல நடுவுல புழியறப்போ இந்த மாதிரிதான் குதிக்கும்." அவள் என்னைப் பார்த்தாள். "போன வாரம் ஹீட் போனப்பவும் ஓடிட்டிருந்துச்சா?" யோசித்தேன். ஓடியிருக்கும். வார நாளில் எப்போதுதான் அது ஓடவில்லை?

பாப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டுப் பேஸ்மென்டுக்கு இறங்கினேன். மெஷினை நிறுத்தினேன். மேலேயிருந்து ரம்யா, "இப்ப ஸ்டெடியா இருக்கு மாமா!" என்றாள். மறுபடியும் துணி பிழிகிற இடத்தில் வைத்து ஓட்டினேன். அது கடகடவென்று சுற்ற ஆரம்பித்ததும் தலைக்கு மேலே பார்த்தேன். மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற குழாய் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயோடு சேர்த்து ஒரு மெல்லிய வயரை யாரோ எந்தக் காலத்திலோ பிளாஸ்டிக் நாடாவால் கட்டியிருந்தார்கள். வயர் மேலே நடைவழிச் சுவருக்குள்ளிருந்து இறங்கி, மரச்சட்டத்தை ஒட்டி ஓடி, பாய்லருக்குப் போகிறது. நடுவில் ஓர் இடத்தில் அது ஒட்டுப்போடப்பட்டிருந்தது. கம்பி முனைகளை முறுக்கி மேலே பிளாஸ்டிக் மூடி மாட்டியிருந்தார்கள். குழாய் ஆடும்போதெல்லாம் அந்த ஒட்டு இழுபட்டது. "அணைஞ்சுருச்சு மாமா!" என்று ரம்யா மேலேயிருந்து கத்தினாள். மெஷினை நிறுத்தினேன். "வந்துருச்சு!"

அவள் வீடியோ காலில் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே, பாப்பாவோடு இறங்கி வந்து ஃபோனை அந்த ஒட்டுக்கு நேரே பிடித்தாள். நீ வயரைக் கிட்டே காட்டச் சொல்லிப் பார்த்தாய். பிறகு சொன்னாய். ஒட்டு விடும்போதெல்லாம் தெர்மோஸ்டாட்டுக்குக் கரண்ட் போகிறது. திரும்ப வரும்போது அது நீ வைத்த அளவை மறந்துவிட்டு, கம்பெனியில் வைத்த அறுபதுக்கே போய் நிற்கிறது. தன்னிடமே நடந்த மாற்றம் என்பதால், தெர்மோஸ்டாட்டில் மாற்றப்பட்டது என்று உன் ஃபோனுக்குச் சொல்கிறது. பூட்டு அதை என்ன செய்யும்? இதைச் சொல்லி முடித்துவிட்டு, "அப்பா, அந்த வயரத் தொட்றாதீங்க" என்றாய். ரம்யா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "நீங்க இல்ல மாமா. நீங்க இல்லவே இல்ல." நான் பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என் புத்தி திரும்பக் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நீ ஹூஸ்டனிலிருந்து வந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகக் கீழே போனாய். ரொம்ப நேரம் மேலே வரவில்லை. வந்து என் எதிரில் நின்று, "சாரிப்பா" என்றாய். "பரவால்ல சாமி" என்றேன். மறுநாள் ஹீட்டிங் ஆள் வந்து, பாய்லரை நிறுத்திவிட்டு, பழைய முனைகளை வெட்டி எறிந்துவிட்டுப் புது இணைப்புப் போட்டார். வயரைக் குழாயிலிருந்து பிரித்து மரச்சட்டத்தில் தனியாக அடித்தார். மெஷின் ஆடாதபடி அதன் கால்களைச் சரி பண்ணினார். பிறகு மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்டு, நாம் மூன்று பேரும் நடைவழியில் நின்றோம், கோயிலில் திரை விலகக் காத்திருப்பதுபோல. அறுபத்தெட்டு நகரவில்லை. அன்று சாயந்திரமே பூட்டையும் எடுத்துவிட்டாய்.

பரவாயில்லை என்று சொன்னேனே தவிர, அது முழு உண்மை இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கோபம் வந்தது. வயரைப் பார்க்கத் தோன்றவில்லை என்பதற்காக இல்லை. படித்த ஆள் ஒருவரே வந்து பார்த்துவிட்டுப் போனாரே. நீ அத்தனை கேள்வி கேட்டாய், எல்லாவற்றையும் பெட்டியிடமும் ஃபோனிடமும் கேட்டாய். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய், தொட்டீர்களா என்று. "அந்த நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்கப்பா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால், துணி துவைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லியிருப்பேன். உன் மூளைக்கு அது போதும். நீயும் இப்போது ஒரு குழந்தைக்கு அப்பன். அவள் வளர்ந்து ஒரு நாள் உன் முன்னால் நின்று நான் செய்யவில்லை என்று சொல்லுவாள். ஃபோன் வேறு மாதிரி சொல்லும். அப்போது அவளிடம் இரண்டாவது கேள்வியையும் கேள். இதற்கு மேல் இதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

கோபம் அடங்கியதும் பழைய பயம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. தெர்மோஸ்டாட் நான் இல்லை. பால் நான்தானே? டேகேர் வேண்டாம், அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும் என்று நீ சொன்னபோது, நீ குற்ற உணர்ச்சியில் சொல்கிறாய் என்று எனக்குப் பட்டது. என் மேல் செய்த தப்புக்குப் பரிகாரமாகக் குழந்தையைக் கொடுக்கக் கூடாது கண்ணு. அதனால்தான், முதலில் என்னை டாக்டரிடம் காட்டு என்று நானே கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். ரம்யாதான் அப்பாயின்ட்மென்ட் வாங்கினாள்.

டாக்டர் அம்மாளுக்குத் தமிழ் தெரியும். கடிகாரம் வரையச் சொன்னார். வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். மிருகப் படங்களைக் காட்டினார். காண்டாமிருகத்துக்கு இங்கிலீஷ் பேர் எனக்கு வாயில் வரவில்லை. தமிழில் சொன்னேன். "கரெக்டா சொல்லிட்டாரு டாக்டர், கரெக்டா சொல்லிட்டாரு!" என்று நீ நாற்காலி நுனிக்கு வந்து சொன்ன சத்தத்தில் அந்த அம்மாளே சிரித்துவிட்டார். ஸ்கூலில் உன் மார்க் ஷீட்டுக்காக நான் வாசலில் நின்ற மாதிரி நீ எனக்காக உட்கார்ந்திருந்தாய். வயதுக்கு உண்டான மறதிதான், வருடத்துக்கு ஒரு முறை வந்து காட்டுங்கள் என்றார். காரில் வரும்போது நீ பாட்டுப் போட்டுத் தாளம் தட்டினாய். நான் ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன். வருடத்துக்கு ஒரு முறை என்றால் அடுத்த வருடம் என்ன சொல்லுவார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாளை முதல் நான் எப்படி இருக்கப்போகிறேன் என்று ரம்யாவிடம் பேசி முடிவு பண்ணிவிட்டேன். அவள் வருகிறவரை அடுப்பே பற்றவைக்க மாட்டேன். பாப்பாவின் பாலைக் கரண்டில் சூடாகித் தானே அணைகிற அந்தச் சின்னக் கருவியில்தான் சுட வைப்பேன். மதியம் ரம்யா வீடியோவில் கூப்பிடுவாள், குழந்தையைக் காட்டுவேன். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் அவசரத்துக்கு ஒரு சாவி இருக்கும். ரம்யா இதையெல்லாம் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் நானே சொன்னேன். இதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. என் கண் முன்னால் வைத்துப் பேசியதால் குறைச்சல் இல்லை.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இந்தக் கடிதமே. பெரியப்பாவுக்கு வந்தது எனக்கும் ஒரு நாள் வரலாம். வராமலும் போகலாம். வந்தால் அது எனக்கு முதலில் தெரியாது, உனக்குத்தான் தெரியும். அன்றைக்கு நீ இங்கிலீஷில் பேசாதே. என் எதிரில் உட்கார்ந்து, "அப்பா, இனிமே பாப்பாவ உங்ககிட்டத் தனியா விட முடியாது" என்று தமிழில் சொல். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சத்தம் போடுவேன். செத்துப்போன உன் அம்மாவைக் கூப்பிடுவேன், ஊருக்கு டிக்கெட் போடு என்பேன், உன் பெண்டாட்டி சொல்லிக் கொடுத்துத்தான் பேசுகிறாய் என்றுகூடச் சொல்லுவேன். அதையெல்லாம் நம்பி நீ பின்வாங்கிவிடாதே. இந்தக் கடிதத்தை எடுத்து வந்து என் கையில் கொடு. என் கையெழுத்தே எனக்கு அடையாளம் தெரியாமல் போனால், நீயே உட்கார்ந்து வாசித்துக் காட்டு. அன்றைக்குக் கத்துகிறவன் பேச்சைக் கேட்காதே. இன்றைக்கு நிதானமாக உட்கார்ந்து எழுதுகிற இந்த ஆள் சொல்வதைக் கேள். பாப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொள்.

வாங்கும்போது மட்டும் மெதுவாக வாங்கு சாமி.

உன் அப்பா